ஜி.எல். பீரிஸ்: பேராசிரியர் நீதி அமைச்சரானபோது

ஜனவரி 11

ஒரு வாசகர் கேட்கிறார்: "ஜி.எல். பீரிஸ் ஒக்ஸ்போர்டில் படித்தவர், சட்டப் பேராசிரியர், துணைவேந்தர். அப்படிப்பட்டவர் நீதி அமைச்சராக இருந்து என்னத்தைக் கிழித்தார்? படித்தவனுக்கு அரசியல் சரிவராது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?"

வேண்டும். இந்தச் சாட்சி குறுக்கு விசாரணையில் தாங்காது.

ஆளைத் தெரியாத இளையவர்களுக்காக: 1946இல் பிறந்தவர். கல்கிசை சென் தோமஸ் கல்லூரி, கொழும்பில் சட்டம், றோட்ஸ் புலமைப்பரிசிலில் ஒக்ஸ்போர்ட், 1971இல் அங்கே கலாநிதிப் பட்டம். பிறகு கொழும்பில் சட்டப் பேராசிரியர், பீடாதிபதி, துணைவேந்தர். 1994இல் ஆட்சிக்கு வந்து ஜனாதிபதியான சந்திரிகா குமாரதுங்க அவரைத் தேசியப் பட்டியலில் (தொகுதியில் நிற்காமல் கட்சி நியமிக்கும் இடம்) பாராளுமன்றத்துக்குக் கொண்டுவந்து நீதி, அரசியலமைப்பு விவகாரங்களைக் கையில் கொடுத்தார். நிதிப் பிரதி அமைச்சும் சேர்ந்தே வந்தது.

நான் சட்டபீடத்துக்குள் நுழைந்தபோது அவர் துணைவேந்தர். எங்கள் வகுப்புக்குப் படிப்பிக்கவில்லை. ஆனால் அவருடைய புத்தகங்கள் படிப்பித்தன. காணிச் சட்டம், சாட்சியச் சட்டம், தண்டனைச் சட்டம் என்று நூலகத்தின் ஒரு தட்டு முழுக்க அவர்தான். எல்லாம் ஆங்கிலம். தமிழ்மொழி மூல மாணவர்கள் நாங்கள் ஒரு பந்தியை வாசித்து, அகராதி பார்த்து, தமிழில் குறித்து, பிறகு அடுத்த பந்திக்குப் போவோம். பரீட்சைக்கு முந்திய கிழமை அந்தத் தட்டில் ஒரு புத்தகமும் இருக்காது.

அதே நாள், இரவு

"என்னத்தைக் கிழித்தார்" என்பதற்கு ஒரு பட்டியல் கொடுத்துவிடுகிறேன். சித்திரவதையைத் தனிக் குற்றமாக்கிய சட்டம், 1994. குறைந்தது 7 வருடச் சிறை. தனியார் வணிகப் பிணக்குகளுக்கான நடுத்தீர்ப்புச் சட்டம், 1995. பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் எதிரான பாலியல் குற்றங்கள் தொடர்பில் தண்டனைச் சட்டக் கோவைக்கு வந்த பெரிய திருத்தம், 1995. மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டம், 1996. பிணைச் சட்டம், 1997.

நாலு வருடத்துக்குள் இவ்வளவு. இவற்றில் பாதியாவது இல்லாமல் இன்றைக்கு எந்தச் சட்டத்தரணியும் ஒரு கிழமை தொழில் செய்ய முடியாது. எழுதியபடி நடந்ததா என்பது வேறு கேள்வி. சித்திரவதைச் சட்டத்தின் கீழ் வழக்குத் தாக்கல் செய்ய வேண்டியவர் அரசின் தலைமை வழக்கறிஞரான சட்டமா அதிபர். பிடிபட வேண்டியவர்கள் பெரும்பாலும் பொலிஸார். மிச்சத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 12

பிணைச் சட்டம் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும். என் தொழிலில் அதைத்தான் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன்.

1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டம். அதன் 2ஆம் பிரிவு அழகான பிரிவு. பிணை கொடுப்பதுதான் விதி, மறுப்பது விதிவிலக்கு என்கிறது. மறுக்கும் நீதவான் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அதுவரை எங்கள் நீதிமன்றங்களில் பிணை என்பது பெரும்பாலும் நீதவானின் அன்றைய மனநிலை. ஒரு சட்டப் பேராசிரியர் அமைச்சராக இருந்தால் என்ன நடக்கும் என்று கேட்டால் இந்தப் பிரிவைக் காட்டலாம்.

நான் அப்போது வவுனியாவில் ஒரு மூத்த சட்டத்தரணியிடம் கனிஷ்டராக இருந்தேன். சட்டம் வந்த செய்தி வானொலியில் போயிருந்தது. ஒரு தாய் வந்தா. மகன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உள்ளே. கையில் ஒரு கடைப் பை, அதற்குள் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம், கிராம சேவகரின் கடிதம், எல்லாம் பொலித்தீனில் சுற்றி. "பிணைச் சட்டம் வந்துட்டுதாமே ஐயா, இனி விடுவினம்தானே" என்று கேட்டா. அன்று காலைதான் கசிப்பு (கள்ளச்சாராயம்) வழக்கில் பிடிபட்ட ஒருவன் அதே சட்டத்தின் பெயரைச் சொல்லிப் பிணையில் போயிருந்தான். அவன் போனதை அந்த அம்மா வாசலில் நின்று பார்த்திருக்கிறா.

சேர், அதாவது என் மூத்த சட்டத்தரணி, ஒன்றும் பேசவில்லை. சட்டத்தின் அச்சுப் பிரதியை எடுத்து 3ஆம் பிரிவில் விரலை வைத்து என் பக்கம் தள்ளினார். அம்மாவுக்கு விளக்கும் வேலை எனக்கு. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழோ பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்ட (அவசரகால) ஒழுங்குவிதிகளின் கீழோ பிடிபட்டவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. 2ஆம் பிரிவில் திறந்த கதவை 3ஆம் பிரிவு எங்கள் ஆட்களுக்கு மட்டும் சாத்தியிருந்தது. சட்டமா அதிபர் சம்மதித்தால் ஒழிய வழக்கு முடியும்வரை மறியல்தான்.

"அப்ப இது ஆருக்கு வந்த சட்டம்?" என்றா.

இரண்டு பிரிவும் ஒரே அமைச்சரின் காலத்தில், ஒரே தாளில் வந்தவை. பீரிஸை எடைபோட உட்காரும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாள்தான் முன்னால் வந்து நிற்கிறது.

ஜனவரி 13

"அமைச்சரே உட்கார்ந்து சட்டம் எழுதுவாரா? அது சட்ட வரைஞர் திணைக்களத்தின் வேலை" என்று ஒருவர். உண்மைதான். அமைச்சர் கொள்கையைச் சொல்வார், அமைச்சரவை ஒப்புக்கொள்ளும், வரைஞர் எழுதுவார், சட்டமா அதிபர் அரசியலமைப்போடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். 3ஆம் பிரிவில் பாதுகாப்பு அமைச்சின் நிழலும் விழுந்திருக்கும். பாதுகாப்பு அமைச்சர் சந்திரிகாவேதான். ஆனால் தனக்கு முன்னால் வைக்கப்படும் வரைவை வரிக்கு வரி வாசித்து விளங்கக்கூடிய நீதி அமைச்சர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? இவருக்கு விளங்கியிருக்கும். அதனால்தான் கேள்வியும் இவரிடம் கூடப் போகிறது.

ஜனவரி 15

சரி, பெரிய விஷயத்துக்கு வருவோம். அதிகாரப் பகிர்வு. "பொதி" என்று நாங்கள் சொன்னது.

1995 ஓகஸ்டில் முதல் யோசனைகள் வந்தபோது தமிழ்ப் பத்திரிகைகளில் முழுதாகப் போட்டார்கள். வெட்டி மடித்து வைத்திருந்தேன். இலங்கையைப் பிராந்தியங்களின் ஒன்றியம் என்று ஓர் அரசாங்கமே எழுதிய முதல் ஆவணம் அது. காணி, பொலிஸ், கல்வி பிராந்தியங்களுக்கு. பிராந்திய சபையைக் கொழும்பு தன் இஷ்டத்துக்குக் கலைக்க முடியாது. இதன் பின்னால் இரண்டு சட்ட மூளைகள். ஒன்று பீரிஸ், மற்றது நீலன் திருச்செல்வம். நீலன் அமைச்சர் இல்லை, அரசாங்கக் கட்சியும் இல்லை. தமிழர் விடுதலைக் கூட்டணியின் தேசியப் பட்டியல் உறுப்பினர்.

பிறகு நடந்ததைப் பாருங்கள். 1996 ஜனவரியில் சட்ட வடிவம், 1997 ஒக்டோபரில் இன்னொன்று, 2000 ஓகஸ்டில் கடைசி வடிவம். ஒவ்வொரு முறையும் எங்கேயோ கொஞ்சம் கரைந்தது. 2000இல் ஒன்றியம் என்ற பேச்சே இல்லை, மத்தியினதும் பிராந்தியங்களினதும் நிறுவனங்களைக் கொண்ட அரசு என்று சுற்றி வளைத்தார்கள். கூட்டணிக்கே அது திருப்தி இல்லை. புலிகள் ஆரம்பத்திலேயே மாட்டோம் என்றுவிட்டார்கள். பிக்குகள் வீதியில். ஐக்கிய தேசியக் கட்சி, நிறைவேற்று ஜனாதிபதி முறையை உடனே ஒழிக்காமல் சந்திரிகாவுக்கு இடைக்கால ஏற்பாடு வைத்ததைப் பிடித்துக்கொண்டது. 2000 ஓகஸ்ட் 3ஆம் திகதி சந்திரிகா சபையில் சமர்ப்பித்தபோது எதிர்க்கட்சியினர் பிரதிகளைச் சபைக்குள்ளேயே கொளுத்தினார்கள். சில நாளில் விவாதம் ஒத்திவைக்கப்பட்டது. அவ்வளவுதான்.

அதைப் பார்க்க நீலன் இல்லை. 1999 ஜூலை 29ஆம் திகதி காலை, கொழும்பு கின்சி டெரஸ் பக்கம், அலுவலகத்துக்குப் போகும் வழியில் புலிகளின் தற்கொலைக் குண்டுதாரி அவருடைய காரில் பாய்ந்தார். ஒரு வரைவை எழுத உதவியதற்கு எங்கள் பக்கம் கொடுத்த கூலி அது. பீரிஸை விமர்சிக்க உட்காரும் தமிழர்கள் இதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

ஜனவரி 16

கணக்கு கேட்டார்கள். அரசியலமைப்பை மாற்ற மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும், 225இல் அது 150. 1994 தேர்தலில் சந்திரிகாவின் பொதுஜன ஐக்கிய முன்னணிக்கு 105. கூட்டணிக்கு நீலனோடு சேர்த்து 5. ஐ.தே.க.வுக்கு 94. யாரை எப்படிக் கூட்டினாலும் ஐ.தே.க. இல்லாமல் 150 வராது. இது 1994 ஓகஸ்டிலேயே தெரிந்த கணக்கு. ஆறு வருடம் வரைவு எழுதினார்கள், இந்தக் கணக்கைச் செய்ய எடுத்த நேரம் அதில் எவ்வளவு என்று எனக்குச் சந்தேகம். காணிச் சட்டத்தில் புலி, கூட்டலில் வீக்.

ஜனவரி 16, பிற்பகல்

கூட்டல் பகிடியைச் சிலர் பீரிஸின் பிற்காலக் கட்சி மாற்றத்தோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். அதற்கு இன்னும் வரவில்லை, பொறுங்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. பீரிஸுக்கோ நீலனுக்கோ சொந்தமாக ஒரு வாக்கும் இல்லை. நமது பாராளுமன்றத்தில் 196 பேர் மாவட்டங்களிலிருந்து வருகிறார்கள். 29 பேர் கட்சித் தலைவர் எழுதிக் கொடுக்கும் பட்டியலில் வருகிறார்கள். விருப்பு வாக்குக்காக வேலியில் சுவரொட்டி ஒட்டத் தேவையில்லை. படித்தவர்கள் உள்ளே வரட்டும் என்றுதான் அந்த வழி. நல்ல யோசனைதான். ஆனால் பட்டியலில் வந்தவருக்குப் பின்னால் ஊர் இல்லை. "இந்த 3ஆம் பிரிவு வேண்டாம்" என்று அவர் சொன்னால் அமைச்சரவையில் மற்றவர்கள் பயப்பட ஒரு காரணமும் இல்லை. அவர் வைத்திருப்பது இரவல் வாக்கு. இரவல் சைக்கிளில் போகிறவன் உடையவன் சொல்லும் கடைக்குத்தான் போகலாம்.

ஜனவரி 17

நீலனின் தகப்பனை ஒருவர் ஞாபகப்படுத்தினார். நன்றி, நான் விட்டுவிட்டேன். மு. திருச்செல்வம், முன்னாள் சொலிசிட்டர் ஜெனரல், இராணி வழக்கறிஞர். 1965இல் டட்லி சேனநாயக்க அரசில் உள்ளூராட்சி அமைச்சர். அவரும் வாக்குக் கேட்டு வந்தவர் இல்லை, செனட்டர். அவருடைய வேலை மாவட்ட சபைச் சட்டம். 1968இல் எதிர்ப்பு வந்ததும் டட்லி அதைக் கைவிட்டார். அதே வருடம் திருகோணமலை கோணேசர் கோயில் சுற்றாடலைப் புனித பூமியாக்குவதைப் பற்றி ஆராயத் திருச்செல்வம் அமைத்த குழுவை டட்லி கலைத்தார். திருச்செல்வம் இராஜினாமா செய்தார்.

தகப்பனும் மகனும் முப்பது வருட இடைவெளியில் அதே சுவரில் முட்டியிருக்கிறார்கள்.

ஜனவரி 19

"அம்பேத்கரும் சட்டப் பேராசிரியர்தானே, அவர் சாதிக்கவில்லையா?" தமிழ்நாட்டு வாசகர் ஒருவர். ஆம், பம்பாய் அரசு சட்டக் கல்லூரியில் படிப்பித்தவர், 1935இல் அங்கே முதல்வர். 1947இல் இந்தியாவின் முதல் சட்ட அமைச்சர்.

ஆனால் அவருடைய கதையும் இரவல் வாக்கில்தான் தொடங்குகிறது. 1946இல் அரசியல் நிர்ணய சபைக்கு அவரால் பம்பாயிலிருந்து வர முடியவில்லை. ஜோகேந்திரநாத் மண்டல் உதவியோடு வங்காளத்திலிருந்து வந்தார். பிரிவினையில் அந்த இடம் போயிற்று. பிறகு காங்கிரசே அவரைப் பம்பாயிலிருந்து கொண்டுவந்தது. அரசியலமைப்பு விஷயத்தில் காங்கிரசுக்கும் அவருக்கும் வழி ஓரளவு ஒன்றாக இருந்தது, வேலை நடந்தது. இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவில் வழி பிரிந்தது. பெண்ணுக்குச் சொத்து, விவாகரத்து என்றதும் காங்கிரசுக்குள்ளேயே இழுத்தடித்தார்கள். 1951 செப்டெம்பரில் இராஜினாமா. 1952 தேர்தலில் பம்பாயில் தோற்றார். அவர் போன பிறகு, 1955-56இல், அதே மசோதாவை நாலு துண்டாக வெட்டி நேரு நிறைவேற்றினார். எழுதியவர் வெளியே, எழுத்து உள்ளே.

இங்கே எனக்கு ஒரு நெருடல். 16ஆம் திகதி நான் எழுதியதை வைத்துப் பார்த்தால் பீரிஸ் பாவம், வேறு வழியில்லை என்று ஆகிவிடும். அம்பேத்கருக்கும் திருச்செல்வத்துக்கும் அதே நிலைதான். அவர்கள் எழும்பிப் போனார்கள். சொந்த வாக்கு இல்லாதவனிடமும் இராஜினாமாக் கடிதம் என்று ஒன்று இருக்கிறது.

ஜனவரி 20

சிங்கப்பூர் வாசகருக்கு: எஸ். ஜெயக்குமாரைப் பற்றிக் கட்டாயம் பேச வேண்டும், அதுவும் தமிழர். 1974இலிருந்து 1980 வரை சட்டபீடத் தலைவர், அதற்கு முன் ஐ.நா.வில் தூதர். 1980இல் பிடோக் தொகுதி உறுப்பினர். 1988இலிருந்து 2008 வரை இருபது வருடம் சட்ட அமைச்சர். அதோடு உள்துறை, வெளியுறவு, துணைப் பிரதமர். பெட்ரா பிராங்கா தீவு வழக்கில் சர்வதேச நீதிமன்றம்வரை போய் 2008இல் அந்தத் தீவைச் சிங்கப்பூருக்கு வென்று வந்த குழுவில் முன் நின்றவர். பேராசிரியர் அமைச்சரானால் இப்படித்தான் ஆக வேண்டும் என்று வாசகர் சொல்கிறார். பாதி சரி.

மற்றப் பாதி: 1988 டிசம்பரில் சிங்கப்பூர் மேன்முறையீட்டு நீதிமன்றம் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் தடுத்துவைக்கப்பட்டவர்கள் விஷயத்தில் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. அரசு "எங்களுக்குத் திருப்தி" என்று சொன்னால் போதாது, காரணத்தை நீதிமன்றம் பார்க்கலாம் என்று. 1989 ஜனவரி முடிவதற்குள் அரசியலமைப்பையும் சட்டத்தையும் திருத்தி அந்தக் கதவை அடைத்துவிட்டார்கள். மசோதாவைக் கொண்டுவந்தவர் சட்ட அமைச்சர் ஜெயக்குமார். அந்த நேரம் ஆளும் கட்சிக்கு 81இல் 80 இடம்.

பீரிஸ் ஆறு வருடத்தில் முடியாமல் விட்டதை ஜெயக்குமார் இரண்டு மாதத்துக்குள் முடித்தார். படிப்பிலா வித்தியாசம்? சபையில் எத்தனை பேர் கை தூக்குகிறார்கள் என்பதில். வவுனியாவில் பிணைச் சட்டத்தின் 3ஆம் பிரிவை வாசித்துக் காட்டிய எனக்கு அந்த 80ஐப் பார்த்துப் பொறாமையும் வரவில்லை.

ஜனவரி 22

பாரிசிலிருந்து ஒரு தங்கை என் இரவல் வாக்குக் கதையை ஒரே வரியில் கவிழ்த்துவிட்டா: "பதந்தேர்?"

றொபேர் பதந்தேர். பாரிசில் சட்டப் பேராசிரியர், வழக்கறிஞர். 1981இல் பிரெஞ்சு ஜனாதிபதி மித்தெரோன் அவரை நீதி அமைச்சராக்கினார். எந்தத் தொகுதியிலும் நின்று வென்றவர் இல்லை. மரண தண்டனையை ஒழிக்கக் கூடாது என்று பிரெஞ்சு மக்களில் பெரும்பாலானோர் கருத்துக்கணிப்புகளில் சொல்லிக்கொண்டிருந்த காலம். செப்டெம்பரில் தேசிய சபைக்குப் போனார், பேசினார். 363க்கு 117. ஒக்டோபர் 9ஆம் திகதி சட்டம்.

இதை எப்படி விளக்குவது? மித்தெரோன் தேர்தலுக்கு முன்னாலேயே தொலைக்காட்சியில் வந்து, நான் மரண தண்டனைக்கு எதிரானவன், வாக்குப் போனாலும் சொல்வேன் என்ற மாதிரிச் சொல்லியிருந்தார். வாக்கு இரவல்தான். ஆனால் கொடுத்தவர் எதற்குக் கொடுக்கிறார் என்பதை ஊருக்கு முன்னால் சொல்லிவிட்டுக் கொடுத்தார். சந்திரிகாவும் 1994இல் சமாதானம் என்று சொல்லித்தான் 62 வீத வாக்கு எடுத்தார். ஆனால் 1995 ஏப்ரலில் சண்டை திரும்பத் தொடங்கியது, யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தது, நீதி அமைச்சர் பொதியை விளக்கிக்கொண்டிருந்த அதே மாதங்களில் பாதுகாப்பு அமைச்சு வேறு ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. சண்டைக்கு ஒரு கை, தீர்வுக்கு ஒரு கை. இரண்டாவது கைதான் பேராசிரியர்.

இன்னொன்று. 1995இல் புலிகளோடு யாழ்ப்பாணத்தில் பேசப் போன அரச குழுவில் அவர் இல்லை. அமைச்சர் எவருமே இல்லை. அதைப் புலிகள் அப்போதே குறையாகச் சொன்னார்கள்.

ஜனவரி 24

இப்போது கட்சி மாற்றம்.

2001இல் சந்திரிகாவை விட்டு ஐ.தே.க. தலைவர் ரணிலிடம் வந்தார். அடுத்த வருடம் அரசின் பிரதான பேச்சாளராகப் புலிகளோடு மேசையில் உட்கார்ந்தார். 2002 செப்டெம்பரில் தாய்லாந்தின் சத்தஹிப்பில் முதல் சுற்று. பக்கத்தில் புலிகளின் பேச்சாளர் அன்ரன் பாலசிங்கம். இருவரும் ஒன்றாகச் செய்தியாளர்களைச் சந்தித்ததை நாங்கள் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். டிசம்பரில் ஒஸ்லோ. ஒன்றுபட்ட இலங்கைக்குள், உள்ளக சுயநிர்ணய அடிப்படையில், சமஷ்டித் தீர்வு ஒன்றை ஆராய்வது என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்ட அறிக்கை. அவருடைய வாழ்க்கையின் உச்சம் அதுதான் என்பேன். ஆறு சுற்றோடு, 2003 ஏப்ரலில், எல்லாம் நின்றது.

2007 ஜனவரியில் ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷவின் அரசாங்கத்துக்குப் போனார். 2010இலிருந்து 2015 ஜனவரி வரை வெளிவிவகார அமைச்சர். 2012இல் ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில், இலங்கைக்கு எதிரான தீர்மானம் 24க்கு 15 என்று நிறைவேறியபோது அந்த அரசாங்கத்தின் நியாயத்தை உலகுக்குச் சொன்ன குரல் அவருடையது. 2016இல் ராஜபக்ஷக்களின் பொதுஜன பெரமுனவின் தவிசாளர். 2020இல் தேசியப் பட்டியலில் திரும்பவும் வந்து கல்வி அமைச்சர், பிறகு மீண்டும் வெளிவிவகாரம். 2022இல் அங்கேயும் பிரிந்து டளஸ் அழகப்பெருமவின் பக்கம்.

சட்ட மாணவர்களுக்கு விவாதப் போட்டியில் ஒரு பயிற்சி உண்டு. நாணயம் சுண்டி எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்துக்காக வாதாட வேண்டும். இவர் கையில் தாள் இல்லாமல், தடுமாறாமல், பந்தி பந்தியாகப் பேசக்கூடியவர் என்பதை எதிரிகளும் ஒப்புக்கொள்வார்கள். எந்தப் பக்கத்திலிருந்து பேசினாலும் அதே தெளிவு. கேட்கும்போது எனக்கு அதுதான் பயமாக இருக்கும்.

ஜனவரி 26

சந்திரிகா, ரணில், மஹிந்த மூன்று பேரோடும் சமாதானத்துக்காகத்தான் இருந்தார் என்று ஒருவர் வாதாடுகிறார். முதல் இரண்டுக்கும் ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவதுக்கு ஷிராணி பண்டாரநாயக்கவைக் கூப்பிடுகிறேன்.

அவரும் கொழும்புச் சட்டபீடத்தில் படிப்பித்தவர், பீடாதிபதியாக இருந்தவர். 1996இல், பீரிஸ் நீதி அமைச்சராக இருந்தபோது, சந்திரிகா அவரை நேரே உயர் நீதிமன்றத்துக்கு நியமித்தார். முதல் பெண். சட்டத்தரணியாகத் தொழில் செய்யாத ஒருவரை எப்படி நியமிக்கலாம் என்று வழக்கே போட்டார்கள். வழக்கு நிற்கவில்லை. 2011இல் பிரதம நீதியரசர். அடுத்த வருடம் திவிநெகும என்ற வறுமை ஒழிப்பு மசோதாவுக்கு மாகாண சபைகளின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று அவருடைய நீதிமன்றம் சொன்னது. உடனே அவரைப் பதவிநீக்கக் குற்றப்பிரேரணை. இப்படி விசாரிக்கப் பாராளுமன்றத் தெரிவுக்குழுவுக்கு அதிகாரம் இல்லை என்று உயர் நீதிமன்றம் சொல்லிற்று, குழுவின் முடிவை மேன்முறையீட்டு நீதிமன்றம் ரத்துச் செய்தது. பொருட்படுத்தவில்லை. 2013 ஜனவரி 11ஆம் திகதி 155க்கு 49 வாக்குகளால் அவரை வெளியேற்றினார்கள்.

அந்த அமைச்சரவையில் பீரிஸ் இருந்தார், தொடர்ந்தும் இருந்தார். நீதித்துறையின் சுதந்திரம் என்ற பாடத்தை வாழ்நாளில் பாதி படிப்பித்த ஒருவர், தன் பீடத்திலிருந்து போன ஒரு நீதியரசர் இப்படி அனுப்பப்பட்டபோது, கதிரையில் இருந்தார். இராஜினாமாக் கடிதம் எழுத அதைவிட நல்ல நாள் கிடைத்திருக்காது.

ஜனவரி 27

கொஞ்சம் காரமாகிவிட்டது என்கிறார்கள். இருக்கட்டும்.

ஒரு நண்பர், அவரும் நீதிமன்றத்தில்தான் நிற்கிறவர், இப்படிக் கேட்டார்: "அவர் 2013இல் போயிருந்தால் உனக்கு ஒரு நல்ல கதை கிடைத்திருக்கும். 1997இல் போயிருந்தால்? பிணைச் சட்டமே வந்திராது. கசிப்புக்காரனும் உள்ளேதான் இருந்திருப்பான்." அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தச் சட்டத்தை வைத்து நான் பிணை எடுத்துக் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர். கடன்காரன், களவுக்காரன், கணவனோடு சண்டை போட்டவள், காட்டு மரம் தறித்தவன். அவர்கள் யாரும் 3ஆம் பிரிவை வாசித்ததில்லை, வாசிக்கத் தேவையும் வந்ததில்லை.

வவுனியா அம்மாவின் மகன் பிறகு என்னவானார் என்று பலர் கேட்கிறீர்கள். குற்றப்பத்திரிகை வரவே வருடக்கணக்கு எடுத்தது. ஒப்புதல் வாக்குமூலம் ஒன்றுதான் சான்று, அது சிங்களத்தில். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, விடுதலை. அதற்குள் தாய் இறந்துவிட்டா.

பிப்ரவரி 2

இன்னும் வந்துகொண்டிருப்பதால் ஒரு சின்னப் பதிலோடு நிறுத்துகிறேன், நாளைக்கு எனக்கு வழக்கு. சட்டக் கல்லூரி மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார், பீரிஸின் பாடநூல்களை இப்போதும் படிக்கலாமா என்று.

தாராளமாக. காணிச் சட்டத்தில் உரித்து, பங்கீடு, ஆட்சியுரிமை பற்றி உரோம-டச்சுச் சட்டத்தின் வேரிலிருந்து பிடித்துவரும் விதம் இன்றும் உதவும். தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம்) மட்டும் வேறு ஆட்களிடமும் போங்கள். சாட்சியச் சட்டப் புத்தகத்தில் ஒலிப்பதிவு, கணினிச் சாட்சியம் என்று தேடினால் கிடைக்காது. 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் அதையெல்லாம் மாற்றிவிட்டது. புத்தகம் எழுதியவர் அமைச்சராக இருந்த காலத்தில்தான் அதுவும் வந்தது. அந்தச் சட்டத்தின் பிரதி ஒன்றை எடுத்துப் புத்தகத்துக்குள் செருகி வைத்துக்கொள்ளுங்கள்.